மதியம் 12:30, பத்து நிமிடம்: ஒரு குளிர்கால மனச்சோர்வின் நிகழ்வு ஆய்வு

## யாரைப் பற்றி, ஏன்

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி, தோள்பட்டை இறுக்கம், மூட்டுத் தேய்மானம் என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. மனநலம் என் துறை இல்லை. ஆனால் ஒரு குளிர்காலத்தில் முதுகுவலி என்று வந்த ஒருவருக்கு உண்மையில் என்ன பிரச்சினை என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு வாரம் பிடித்தது. அந்த நான்கு வாரத்தில் நான் செய்த தவறும், அதற்கப்புறம் கைகொடுத்ததும் இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் இருக்கிறது. எழுதி முடித்ததும் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். இரண்டையும் கீழே சேர்த்திருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவருக்கு வயது 46. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. வீட்டில் கணவரும் பள்ளியில் படிக்கும் மகனும். அவர் இருக்கும் ஊரில் டிசம்பர் மாதம் காலை 8 மணிக்குத்தான் வெளுக்கும், மாலை 4 மணிக்கு இருட்டிவிடும். வேலை நேரம் 8:30 முதல் 5 வரை. இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்ப வேண்டும். அவருடைய மேசை ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தது.

கோடையில் அவர் வேறு ஆள். அலுவலகத்துக்குப் போக 20 நிமிடம், வர 20 நிமிடம் சைக்கிள். சாயங்காலம் மகனோடு ஒரு நடை. சனி ஞாயிறு தோட்ட வேலை. இதில் எதையும் அவர் உடற்பயிற்சி என்று நினைத்ததில்லை. அக்டோபர் கடைசியில் சாலை ஈரமாகி இருட்டும் சேர்ந்துகொள்ள, சைக்கிள் உள்ளே போனது, பஸ் வந்தது. சாயங்கால நடை தானாக நின்றது. தோட்டத்தில் செய்ய ஒன்றும் இல்லை. மூன்றும் மூன்று வாரத்துக்குள் போய்விட்டன, ஆனால் எதையாவது நிறுத்திவிட்டோம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஜிம்முக்குப் போகிறவர் ஜிம்மை விட்டால் அது அவருக்குத் தெரியும். அன்றாட வாழ்க்கையோடு கலந்திருந்த அசைவு போவது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

## நவம்பர்: வலி என்று வந்தவர்

நவம்பர் இரண்டாவது வாரம் வந்தார். இடுப்புக்கு மேலே வலி, கழுத்து இறுக்கம். பரிசோதித்ததில் நரம்பு சம்பந்தமாக ஒன்றும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு வழக்கமாக வரும் வலிதான். போனைப் பார்க்கச் சொன்னேன். ஆகஸ்டில் தினமும் சராசரியாக 9,000 காலடிகள், நவம்பரில் 2,300.

அன்று இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன், பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார். அறை வெதுவெதுப்பாக இருந்ததால் என் நெற்றியில் வியர்வை. குளிர் ஒத்துக்கொள்ளாதவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்னொன்று, எந்தக் கேள்விக்கும் பதில் வர ஒரு நொடி கூடுதலாக ஆனது. தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு "நல்லா தூங்கறேன், ரொம்ப நல்லா தூங்கறேன்" என்றார். தூக்கம் வராதவர்களைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். நன்றாகத் தூங்குகிறேன் என்பவரிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

கொடுத்த திட்டம் இது. ஏழு பயிற்சிகள், தினமும் இரண்டு வேளை. அதோடு வேலை முடிந்ததும் 45 நிமிட வேக நடை, வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. 225 நிமிடம் அதில் சரியாக நடுவில் விழும். கோடையில் அவ்வளவு சைக்கிள் ஓட்டியவருக்கு இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன்.

முதல் வாரம் இரண்டு நாள் நடந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாளும் இல்லை. இரண்டாவது சந்திப்புக்கு வந்தபோது பயிற்சித் தாளை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்திருந்தார், மேசையில் வைக்கவில்லை. "முடியலை, மன்னிச்சிடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். கோட்டு அன்றும் கழுத்துவரை மூடியிருந்தது. பரவாயில்லை, இந்த வாரம் முயற்சி பண்ணுங்கள் என்று அதே தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது சந்திப்புக்கு அவர் வரவில்லை. பதிவேட்டில் "ஒத்துழைப்பு போதவில்லை" என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

## டிசம்பர் முதல் வாரம்: கேட்டிருக்க வேண்டிய கேள்வி

அவருடைய கணவர் போன் செய்தார். "மேடம், அவ வரலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க. லீவு நாள்ல மத்தியானம் வரைக்கும் படுத்தே இருக்கா. தங்கச்சி போன் பண்ணா கூட எடுக்கறதில்லை. போய் ஒரு நடை நடந்துட்டு வான்னு தினமும் சொல்றேன், கேக்க மாட்டேங்கறா." அவரைப் பற்றி நான் உங்களிடம் எதுவும் பேச முடியாது, ஆனால் பயிற்சி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

வந்தார். பயிற்சியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இந்த ஒரு மாதம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நடக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஷூ போடணும்னு நினைச்சாலே அழுகை வருது. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியலை" என்றார்.

மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாளைக் கொடுத்தேன். 9 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பது பொதுவான அளவு. இவருக்கு 14. ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா என்பது. பூஜ்யம் போட்டிருந்தார். தாளை மட்டும் நம்பாமல் வாய்விட்டும் கேட்டேன். இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதில் 1 விழுந்திருந்தால்கூட அவரைத் தனியாக அனுப்பியிருக்க மாட்டேன், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போயிருப்பேன்.

அப்புறம்தான் முந்தைய ஆண்டுகளின் கதை வெளியே வந்தது. போன குளிர்காலமும் இப்படித்தான், அதற்கு முந்தையதும் இப்படித்தான். பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு. இனிப்பும் மாவுப்பண்டமும் சாப்பிட அடங்காத ஆசை. குளிர்காலத்தில் ஏறும் 5 கிலோ கோடையில் இறங்கும். மனச்சோர்வு என்றால் தூக்கம் கெடும், பசி குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். குளிர்காலத்தில் வரும் வகையில் பெரும்பாலும் இரண்டும் கூடும். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பருவகால மனச்சோர்வை விவரித்து எழுதினார்கள். இன்று மருத்துவர்கள் இதைத் தனி நோயாக வைக்காமல், மனச்சோர்வு பருவத்தை ஒட்டித் திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றே குறிக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து போயிருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக ஏன் யாரும் கவனிக்கவில்லை? மார்ச் வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஏப்ரலில் நவம்பரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அவரே பேசவில்லை. "குளிர் எனக்கு ஒத்துக்காது, அவ்வளவுதான்னு இருந்துட்டேன்" என்றார்.

## மருத்துவர் செய்தது

அன்றே ஒரு கடிதம் எழுதிக்கொடுத்துக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சோதித்தார். மூன்றில் எதில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரலாம். எல்லாம் சரியாக இருந்தன. பருவத்தை ஒட்டிய மனச்சோர்வு என்று முடிவு செய்து, பேச்சு சிகிச்சை, மாத்திரை, ஒளி விளக்கு என மூன்று வழிகளையும் விளக்கினார். இவர் விளக்கைத் தேர்ந்தெடுத்தார். 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு, காலையில் எழுந்ததும் 30 நிமிடம், கண் திறந்தபடி, ஆனால் விளக்கையே வெறித்துப் பார்க்காமல். அதற்கு முன் கண்ணில் நோய் உண்டா, எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு தூக்கமே இல்லாத நாட்கள் இருந்திருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஒளி மனநிலையை மறுபக்கம் தூக்கிவிடக்கூடும். விளக்கு கடையில் கிடைக்கிறது என்பதற்காகத் தானாக வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு வாரத்தில் திரும்பி வர வேண்டும், முன்னேற்றம் இல்லையென்றால் மாத்திரை பற்றிப் பேசலாம் என்று முடிவானது. உடலசைவு என் பொறுப்புக்கு வந்தது.

## இரண்டாவது திட்டம், அதன் காரணங்கள்

முதல் திட்டத்தில் எங்கே தவறினேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். 45 நிமிடம் அதிகம் என்பது முதலில் தெரிந்தது. ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை.

என் அறையிலேயே அவரைக் குளிருடை முழுவதும் போட்டுக்காட்டச் சொல்லிக் கடிகாரத்தில் பார்த்தேன். உள்ளாடை, கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், கயிறு கட்டும் பூட்ஸ், மஃப்ளர், கோட்டு, தொப்பி, கையுறை. ஒன்பது நிமிடம். பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் பாதியில் நிறுத்தி, முழங்காலில் கையை ஊன்றி மூச்சுவிட்டார். வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வந்தவர், உடுத்தியதையெல்லாம் கழற்றிவிட்டு, மறுபடி இந்த ஒன்பது நிமிடத்தைக் கடந்து இருட்டுக்குள் போக வேண்டும் என்றுதான் நான் எழுதிக்கொடுத்திருந்தேன். நடையைப் பற்றி யோசித்த நான் வாசற்படியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அதனால் நடையை அலுவலகத்துக்கு மாற்றினோம். அங்கே ஏற்கெனவே உடுத்திக்கொண்டுதான் இருக்கிறார். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கும். மேசைக்கடியில் கயிறில்லாத கனத்த ஷூ ஒரு ஜோடி. எழுந்து வெளியே போக இரண்டு நிமிடம் போதும்.

நேரம் மதியம் 12:30. காரணம் வெளிச்சம். நம் கண்ணில் பார்வைக்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்களும் இருக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு என்று மூளையின் உடல் கடிகாரத்துக்குச் சொல்வதில் அவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் விளக்கு நமக்குப் பிரகாசமாகத் தோன்றினாலும் அந்தக் கடிகாரத்துக்கு அது மங்கல்தான். அவர் நம்புவதற்காகப் போனில் ஒரு லக்ஸ் செயலியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது துல்லியமான கருவி அல்ல, வித்தியாசத்தைக் காட்டப் போதும். மேசையில் 280. வெளியே, மேகம் மூடிய ஒரு டிசம்பர் மதியத்தில் 4,200. "இருட்டா இருக்கேன்னுதானே வெளிய போகாம இருந்தேன்" என்று போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதன் பிறகு வெளியே போவதற்கு நான் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடல் கடிகாரத்துக்குக் காலை வெளிச்சம்தான் இன்னும் நல்லது. ஆனால் 8 மணிக்கு வெளுக்கும் ஊரில் 8:30 வேலைக்குப் போகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலைப் பொறுப்பு விளக்குக்கு, மதியப் பொறுப்பு வானத்துக்கு.

அளவு பத்து நிமிடம். கட்டடத்தை விட்டு வெளியே வந்து திரும்பினாலும் அன்றைய கணக்கு நிறைவேறியது என்று வைத்துக்கொண்டோம். நான் படித்த காலத்தில், தொடர்ந்து பத்து நிமிடத்துக்குக் குறைவான உழைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் அந்தக் குறைந்தபட்ச அளவை எடுத்துவிட்டது. எவ்வளவு சிறிய அசைவும் சேரும். அவருக்கு இதைச் சொன்னபோது, "பத்து நிமிஷம் நடக்கறதெல்லாம் ஒரு சாதனையா?" என்று கேட்டார். சாதனைக்காக இல்லை, நாளை மறுபடி போவதற்காக என்றேன்.

மனம் வந்ததும் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை. மனச்சோர்வில் மனம் வராது, அதுதானே நோய். செயலை முதலில் வைத்து மனநிலையைப் பின்னால் வரவிடும் முறையை உளவியலில் நடத்தை ஊக்குவிப்பு என்கிறார்கள். முடிவெடுக்கும் வேலையையே குறைக்க, ஒரு வாக்கியத்தை எழுதி மேசையில் ஒட்டினோம்: "12:30 அலாரம் அடித்தால், கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன்." இந்த வகைத் திட்டமிடலைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டால் அந்த நேரத்தில் மனத்தோடு மல்லுக்கட்டும் வேலை குறையும்.

ஒரு சின்ன நோட்டு. அதில் மூன்று எண்கள்: போவதற்கு முன் மனநிலை, போய்வந்தால் எவ்வளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, வந்தபின் உண்மையில் எவ்வளவு. மூன்றும் பத்துக்கு. காலடிக் கணக்கைப் போனில் அணைத்துவைக்கச் சொன்னேன். 9,000 இருந்த இடத்தில் 3,100ஐப் பார்ப்பது அவருக்குத் தினமும் ஒரு குட்டு.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அறுபதைத் தாண்டியவர், எந்த வானிலையிலும் நடப்பவர். யாரோடும் பேசும் தெம்பு இல்லையே என்று இவர் தயங்கியபோது அந்த அக்கா சொன்னது: "நீ பேச வேண்டாம்மா, கூட வந்தா போதும்." இருவரும் பல ஞாயிறுகள் ஒரு வார்த்தையும் இல்லாமல் அரை மணி நேரம் நடந்திருக்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்த எதையும்விட இந்த ஒரு வாக்கியம் நல்ல மருந்து என்று நினைக்கிறேன்.

கணவரைப் பற்றி நான் முதலில் எழுதியிருந்தது "ஊக்கம் கொடுத்தார்" என்று. மனைவி சொன்ன முதல் திருத்தம் இங்கேதான். "அவர் ஊக்கம் கொடுக்கலை. சொல்றதை நிறுத்தினார். அதுதான் உதவி." நடந்துவிட்டு வா என்ற வார்த்தை ஒவ்வொரு முறையும் நீ இன்னும் போகவில்லை என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. சரி, இனி சொல்வதில்லை என்று கணவர் ஒப்புக்கொண்டார். சில நாள் அவரே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார், அவ்வளவுதான்.

## டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை

முதல் மூன்று வாரத்தில் மதிய நடை 13 நாள். நோட்டைப் புரட்டினால் ஒன்று துல்லியமாகத் தெரிந்தது. எதிர்பார்ப்பு பெரும்பாலும் 3. வந்தபின் 4 அல்லது 5. பதின்மூன்றில் பதினொரு நாள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்திருக்கிறது, இரண்டு நாள் இல்லை. போவதற்கு முன் மனம் சொல்லும் கணிப்பு கிட்டத்தட்ட எப்போதும் தவறு என்பதை என் வாயால் கேட்டிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அவருடைய கையெழுத்திலேயே இருந்ததால் நம்பினார்.

இங்கே இரண்டாவது திருத்தம். "நடை அவருக்குப் பிடித்துப்போனது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "பிடிக்கலை. போனேன்."

ஆண்டு முடிவதற்குள் பி.எச்.கியூ-9 12க்கு வந்தது, ஜனவரி இரண்டாவது வாரத்தில் 9. மருத்துவர் மாத்திரையை இப்போதைக்குத் தள்ளிவைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் சறுக்கல் வந்தது, சொல்லுக்குச் சொல் அப்படியே. பகலில் உருகிய பனி ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாக உறைந்திருந்தது. அலுவலக வாசலிலேயே வழுக்கி இடுப்பில் விழுந்தார். எலும்பு முறிவு இல்லை, பெரிய கன்றிப்பு. மூன்று நாள் ஓய்வு போதும் என்றேன். ஆனால் பன்னிரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை. ஜனவரி கடைசியில் மதிப்பெண் மறுபடி 13.

இதில் என் பங்கு உண்டு. வெளியே போக முடியாத நாளில் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தது: "மாடிப்படி ஏறலாம்." ஒரு நாளும் அதைச் செய்துபார்க்க வைக்கவில்லை. பழகாத மாற்றுவழி மாற்றுவழியே இல்லை. தவிர, பனியில் எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய தொழிலில் இருந்துகொண்டு அதையும் விட்டுவிட்டேன். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுதாகத் தரையில் படிய, உடல் பாரம் முன் காலின் மேல், கை பாக்கெட்டுக்கு வெளியே. ஷூவின் அடியில் மாட்டும் முள் பட்டையை அப்புறம்தான் வாங்கச் சொன்னேன்.

பிப்ரவரி முதல் வாரம் மறுபடி தொடங்கினோம், இந்த முறை உள்ளே இருந்து. அலுவலகத்தின் நான்கு மாடியை ஒருமுறை ஏறி இறங்குவது, கூட வேலை செய்யும் தோழியோடு. வீட்டில் வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றுவது. ஏழு பயிற்சித் தாள் மூன்றானது. பனி விலகிய நாட்களில் மதிய நடை, அது மெல்ல இருபது நிமிடமானது. பனி படர்ந்து வெயில் அடித்த ஒரு மதியம் அவரே லக்ஸ் பார்த்து எண்ணை எனக்கு அனுப்பினார். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், கண் கூசும் அளவுக்கு.

பிப்ரவரி நடுவில் 8, மார்ச் நடுவில் 4. இந்த வினாத்தாளில் 5 புள்ளி இறங்கினாலே பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று கொள்வார்கள். இவருக்கு இறங்கியது 10. தூக்கம் பத்து மணி நேரத்திலிருந்து எட்டுக்கு வந்தது. முதுகுவலியைப் பற்றி ஜனவரிக்கு அப்புறம் அவர் பேசவே இல்லை, நானும் மறந்துபோனேன். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் அறைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

## எது உதவியது என்று சொல்ல முடியுமா

முடியாது என்பதே நேர்மையான பதில். விளக்கு, நடை, துணைக்கு ஆள், வீட்டில் நச்சரிப்பு நின்றது, எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கின. பிப்ரவரிக்கு மேல் பகலும் நீள்கிறது. முந்தைய இரண்டு குளிர்காலமும் ஒன்றும் செய்யாமலே மார்ச்சில் சரியாகியிருந்தன. அதனால் மார்ச் மாத 4 எனக்குப் பெரிய சான்று அல்ல. விழுவதற்கு முன், பகல் மிகக் குறுகிய வாரங்களில், 14லிருந்து 9க்கு வந்ததையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

உடலசைவு மனச்சோர்வைக் குறைக்கும் என்பதற்குப் பொதுவான சான்று உண்டு. 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு, மனச்சோர்வு உள்ள, வயதில் மூத்த 156 பேரிடம் 16 வார உடற்பயிற்சியையும் மாத்திரையையும் ஒப்பிட்டது. மாத்திரை வேகமாக வேலை செய்தது, 16 வார முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. 2024இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் 218 ஆய்வுகளைத் திரட்டிய ஓர் அலசல் வந்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, வலுப்பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவதாகச் சொன்ன அதே ஆய்வாளர்கள், சான்றின் உறுதி குறைவு என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. இவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை, இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

## அடுத்த முறை வேறு மாதிரி செய்வது

அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வலி என்று வருகிற எல்லோரிடமும் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேட்கிறேன். போன குளிர்காலம் எப்படி இருந்தது? கோடையில் செய்த எதெல்லாம் இப்போது நின்றிருக்கிறது? எத்தனை மணி நேரம் தூக்கம் என்பதையும் எண்ணாகவே கேட்கிறேன்.

"ஒத்துழைப்பு போதவில்லை" என்று எழுத வந்தால் பேனாவை வைத்துவிட்டு, நான் கொடுத்த திட்டத்தை முதலில் படித்துப் பார்க்கிறேன். செய்ய முடியாததைக் கொடுத்துவிட்டு, செய்யவில்லை என்ற குற்ற உணர்வையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றியிருந்தேன். மனச்சோர்வில் இருப்பவருக்கு அது வெறும் சுமை அல்ல, நோய்க்குத் தீனி.

மாற்றுவழியை முதல் வாரத்திலேயே, வானிலை நன்றாக இருக்கும்போதே இரண்டு முறை செய்துபார்க்க வைக்கிறேன். பனியில் நடக்கும் முறை முதல் நாளே. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் குளிர்காற்றில் வேகமாக நடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கச் சொல்கிறேன், குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கும் மாதம். மனச்சோர்வு இறங்கிய பிறகு டிசம்பரில் புதுப் பழக்கம் ஒன்றை உண்டாக்குவது மிகக் கடினம். உடம்பிலும் மனத்திலும் தெம்பு இருக்கும் செப்டம்பரில் அதைக் கட்டிவைத்தால் டிசம்பரில் அதைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

## இரண்டாவது குளிர்காலம்

ஏப்ரலில், எல்லாம் நன்றாக இருந்தபோது, ஒரு வேலை கொடுத்தேன். போன நவம்பர் எப்படி இருந்தது என்று இந்த நவம்பரில் படிக்கப்போகும் உங்களுக்கே ஒரு பக்கம் எழுதிவையுங்கள் என்று. மறதியால் மூன்று ஆண்டு போனது என்பதால்தான். எழுதி உறையில் போட்டு நோட்டுக்குள் வைத்தார். நான் படிக்கவில்லை.

செப்டம்பர் மூன்றாவது வாரம் மதிய நடையைத் தொடங்கினார், சைக்கிள் உள்ளே போவதற்கு முன்பே. மருத்துவர் சொன்னபடி அக்டோபர் கடைசியில் விளக்கு. அந்த டிசம்பரில் மதிப்பெண் அதிகபட்சம் 7. இரண்டு வாரம் மோசமாக இருந்தது, மறுபடி தங்கையின் போனை எடுக்கவில்லை. அதில் ஒரு வாரம் மதிய நடை ஒரே ஒரு நாள், அதுவும் வாசல்வரை. நோட்டில் அந்த நாளுக்கு நேரே மூன்று எண்கள்: 2, 2, 3. மறுநாள் பக்கம் காலி. அதற்கடுத்த நாளிலிருந்து எண்கள் மறுபடி இருக்கின்றன.